கூரை எண் இல்லாத பிள்ளைக்கு வீடு கட்ட வந்தவர்கள்

என் அன்பான காக்கா,

ஸலாம். அடக்கம் செய்த மையவாடிக்குப் போய்ச் சொல்ல வேண்டிய ஸலாம் இது. நீங்கள் கிடப்பதோ கட்டாரில், சாய்ந்தமருதிலிருந்து சொன்னால் கேட்காத தூரத்தில். எங்கள் ஊர் மையவாடியிலேயே நீங்கள் கிடந்திருந்தாலும், பெண்கள் உள்ளே போவதில்லை என்பதால் நான் எழுதித்தான் இருப்பேன். ஆகவே தூரத்தால் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை.

இதைப் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். ஊரும் வாசிக்கும். கோபித்துக்கொள்ளாதீர்கள். ஊருக்குத் தெரியாமல் எங்கள் குடும்பத்தில் என்னதான் நடந்திருக்கிறது?

முதலில் வீட்டுச் செய்தி. நம் இருவருக்கும் மூத்தவரான ராத்தா சுகமாக இருக்கிறார். பிரஷர் குளிசையை நோன்பு மாதத்தில் மட்டும் ஒழுங்காகக் குடிக்கிறார், விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு எழும்புவதால். ராத்தாவின் கணவர், நம்முடைய மச்சான், இன்னமும் அதே ஆட்டோவைத்தான் ஓட்டுகிறார். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். நான் பொது நூலகத்தில் அதே கதிரையில் இருக்கிறேன். கதிரையின் ஒரு கையை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். மேல்மாடி நீங்கள் விட்டுப்போன இடத்திலேயே நிற்கிறது. தூண்களில் இருந்து கம்பிகள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. காகங்களுக்கு அது பிடித்திருக்கிறது.

இந்தக் கடிதத்தை எட்டிப் பார்த்து வாசிக்கும் வெளியூர்க்காரருக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கொஞ்சம் பொறுங்கள். எங்கள் கரையில் ஒரு பெண்ணைக் கலியாணம் முடித்துக் கொடுப்பதென்றால் அவள் பெயரில் ஒரு வீடு இருக்க வேண்டும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வாப்பாவால் வீடு கட்ட முடியாவிட்டால் காக்காமார், உங்கள் பேச்சில் அண்ணன்மார், கட்ட வேண்டும். காணி கடலுக்கும் பிரதான வீதிக்கும் நடுவில் கைக்குட்டை அளவுதான். அதனால் இரண்டாவது மகளின் வீடு முதலாவது மகளின் வீட்டுக்கு மேலே முளைக்கும். எங்கள் ஊரில் ஒரு கூரையில் கம்பி நீட்டிக்கொண்டு நின்றால், கீழே இன்னும் ஒரு பெண்பிள்ளை இருக்கிறாள் என்று அர்த்தம். தரகர்மார் கதவைத் தட்டுவதற்கு முன்னர் அண்ணாந்துதான் பார்ப்பார்கள்.

வாப்பா கட்டிய வீட்டைக் கடல் கொண்டுபோன பிறகு, ராத்தாவுக்கு ஒரு வீடு கட்டுவதற்காக நீங்கள் கட்டாருக்குப் போனீர்கள். ராத்தாவின் வீடு முடிந்ததும் எனக்காக அங்கேயே நின்றீர்கள். உங்களுக்குக் கலியாணம் பேசிய எல்லோருக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னீர்கள்: "மேல்மாடி முடியட்டும்." மேல்மாடி முடியவில்லை. ஒரு வெயில் காலத்தில், வேலைத்தளத்துக் களஞ்சிய அறையில், உங்கள் நெஞ்சு முடிந்துவிட்டது. இதை நான் சோகமாகச் சொல்லவில்லை. எங்கள் தெருவில் இப்படி வேறு வீடுகளும் இருக்கின்றன.

நான் எழுத வந்தது உங்கள் நாவலைப் பற்றி.

கொத்துரொட்டிக்குள் கருத்தடை மாத்திரை போட்டுக் கொடுக்கிறோம் என்று எங்கள் ஆட்களின் கடைகளை உடைத்தார்களே, அந்த நாட்களில்தான் நீங்கள் அதை எழுதத் தொடங்கினீர்கள். எங்களைப் பற்றி நாட்டில் அப்போது இரண்டு கருத்துகள் இருந்தன. ஒன்று, நாங்கள் அளவுக்கு மிஞ்சிப் பெருகுகிறோம். மற்றது, எங்கள் ஊருக்குத் தனியாக ஒரு உள்ளூராட்சி சபை கேட்டால் கொடுப்பதற்கு எங்கள் தொகை போதாது. இரண்டையும் ஒரே வாய் சொன்னதைக் கேட்டுவிட்டு நான் உங்களுக்கு ஒரு நீண்ட குரல்பதிவு அனுப்பினேன். உங்கள் பதில் குட்டியாக வந்தது.

"புள்ள, எங்கட ஊருக்கு மாத்திர என்னத்துக்கு? பொம்புளப் புள்ள ஒண்டுக்கு ஊடு ஒண்டு எண்டு வெச்சிரிக்கமே, அதுக்கு மிஞ்சின கருத்தடை உலகத்துல இரிக்கா?"

அடுத்த கிழமை முதலாம் அதிகாரம் வந்தது. கைத்தொலைபேசியில் எழுதி எழுதி அனுப்பினீர்கள், நான் நூலகக் கணினியில் தட்டச்சு செய்தேன். பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன் என்றீர்கள். பெரியவர்களுக்குச் சொல்லிப் பிரயோசனம் இல்லை, அவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்றீர்கள்.

வாசிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இனி வரப்போகும் ஒரு காலம். ஆட்கள் கூடிவிட்டார்கள் என்று அரசாங்கம் கண்டுபிடிக்கிறது. (ஆட்கள் கூடிவிட்டார்கள் என்று எண்ணுகிறவர்கள் ஒருநாளும் தங்களைச் சேர்த்து எண்ணுவதில்லை என்று நீங்கள் எழுதிய வரியில் நான் கை வைக்கவில்லை.) எப்படிக் குறைப்பது என்று நாடு முழுவதும் ஆராய்ந்து, கடைசியில் எங்கள் கரைக்கு வந்து, எங்கள் வழக்கத்தைப் பார்த்து வியந்து, அதையே சட்டமாக்கிவிடுகிறார்கள். பெண்பிள்ளை பிறப்பதற்கு முன்னர் அவள் பெயரில் ஒரு கூரை இருக்க வேண்டும். கூரைக்கு ஒரு எண் உண்டு. எண் இல்லாமல் பிறக்கும் பிள்ளையை முகாமுக்குக் கொண்டுபோவார்கள். முகாமுக்குப் போன பிள்ளை திரும்பி வந்ததை ஒருவரும் கண்டதில்லை. ஆண்பிள்ளைக்கு எண் தேவையில்லை. அவன் எப்படியும் இன்னொருத்தியின் கூரைக்குள் போகிறவன்.

இஹ்ஸான், ஸபா, நூறா என்று மூன்று பிள்ளைகள். மூத்தவன் இஹ்ஸான். ஸபாவுக்கு எண் இருக்கிறது. நூறாவுக்கு இல்லை. மூத்த இருவரும் அவளை முடிக்காத மேல்மாடியில், கம்பிகளுக்கு நடுவில் ஒளித்து வளர்க்கிறார்கள். இந்த ஊரில் முடிக்காத மேல்மாடியை ஒருவரும் நிமிர்ந்து பார்த்துச் சந்தேகப்படமாட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். ஒரு பெருநாளுக்கு அரசாங்கம் மன்னிப்பு ஒன்று அறிவிக்கிறது. செத்துப்போன பிள்ளையின் எண்ணை உயிரோடு இருக்கும் பிள்ளைக்குக் கொடுக்கலாம். ஆனால் வாங்குகிற பிள்ளை செத்த பிள்ளையின் பெயரையும் வயதையும் எடுத்துக்கொள்ள வேண்டும். பக்கத்து வீட்டார் தங்கள் மகளின் எண்ணைக் கொடுக்க முன்வருகிறார்கள். நூறா மாட்டேன் என்கிறாள். பட்டப்பகலில் மூவரும் தெருவுக்கு இறங்கி, எண்ணுகிறவர்களின் வரிசையில் போய் நிற்கிறார்கள், நூறாவை நடுவில் விட்டு.

"கூரை எண்?" என்று அதிகாரி கேட்கிறார்.

"இல்ல. ஆள் இரிக்கா" என்கிறான் இஹ்ஸான்.

அவ்வளவுதான். அதோடு நாவல் முடிகிறது. அதிகாரி என்ன செய்தார் என்று நீங்கள் எழுதவில்லை. நான் கேட்டபோது நீங்கள் அனுப்பிய குரல்பதிவு இன்னும் என்னிடம் இருக்கிறது.

"முடிவ மாத்திராத புள்ள. ஆக்கள் அழுவாங்க. அழட்டும். ஆனா ஊடு மட்டும் குடுத்துராத."

யாராவது வீடு கொடுக்கச் சொல்வார்கள் என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

நீங்கள் போன பிறகு அதை அச்சடிக்க வேண்டும் என்று இலக்கிய வட்டத்தின் செயலாளரிடம் கொடுத்தேன். ஓய்வு பெற்ற ஆசிரியர், நல்ல மனிதர். வாசிப்பதற்கு முன்னரே பாராட்டுகிறவர். கடைசி அதிகாரத்தைச் சபையில் வாசிக்கச் சொன்னார். அஸர் தொழுகைக்குப் பிறகு, பாடசாலை மண்டபத்தில். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். வழக்கமாக இலக்கியக் கூட்டத்துக்கு வருவதைவிட நிறையப் பேர் வந்திருந்தார்கள். கட்டாரில் மவுத்தாகி அங்கேயே அடக்கமானவரின் கதை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஊர் முழுவதுக்கும் கட்டாரில் யாராவது இருக்கிறார்கள்.

வாசிக்கத் தொடங்கும் முன் இருவர் தனித்தனியாக என்னிடம் வந்தார்கள். குடும்பநல உத்தியோகத்தர் மிஸ், "இது குடும்பக் கட்டுப்பாட்டுக்கு எதிரான புத்தகமா?" என்று கேட்டார். மௌலவி, "இது குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆதரவான புத்தகமா?" என்று கேட்டார். இருவருக்கும் நான், "இது வீட்டைப் பற்றிய புத்தகம்" என்றேன். இருவரும் திருப்தியோடு போய் உட்கார்ந்தார்கள்.

வாசித்து முடித்தபோது பெண்கள் பக்கத்தில் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. ஒருவேளை விளங்கிவிட்டதோ என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன், காக்கா.

முதலில் ஒரு பெண் எழும்பினார். "நாங்க அழுதழுது கேட்டிட்டிரிக்கம். புள்ளைய ரோட்டுல நிப்பாட்டிப்போட்டு முடிஞ்சிட்டு எண்டா என்னகா இது?"

கலியாணத் தரகர் ஒருவர் சட்டத்தையே ஆராய்ந்திருந்தார். "கத நல்லம். ஆனா இந்தச் சட்டத்துல ஒரு நன்மையும் இரிக்கி. ஊடு இரிக்கி எண்டு பொய் சொல்லி ஒத்தரும் கலியாணம் பேசேலா."

பலர் தலையாட்டினார்கள். சட்டம் கொடுமையானது என்று ஒருவரும் சொல்லவில்லை. நடைமுறைக்கு ஏற்றதா என்பதில்தான் கருத்து வேறுபாடு. கூரை ஓடா கொங்கிறீட்டா என்பதைச் சட்டத்தில் தெளிவாகச் சொல்லியிருக்கலாம் என்றார் ஒருவர்.

பிறகு சீமெந்து ஹாஜியார் எழும்பினார். உங்களுக்குத் தெரியும், சந்தியில் பெரிய கடை வைத்திருப்பவர். ஊரில் பாதி வீடு அவருடைய சீமெந்தில் நிற்கிறது, மற்றப் பாதி அவருடைய கடனில். கண்ணைச் சால்வையால் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"எல்லாஞ் சரி. அந்தக் கடசிப் புள்ளைக்கி ஒரு ஊட்டக் குடுத்து முடிச்சா என்ன குறஞ்சி போகும்?"

"ஹாஜியார், இது கதை" என்றார் செயலாளர்.

"கதையெண்டா? கதையில வாற புள்ளைக்கி வெயில் சுடாதா?"

கைதட்டல் எழுந்தது. உங்கள் நாவலுக்குக் கிடைத்ததைவிட அதற்குத்தான் பலமாகத் தட்டினார்கள்.

அடுத்த நாளே ஹாஜியார் செயலாளரையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். வந்தவர் உள்ளே வராமல் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார். படியேறிப் போய்த் தூண்களைத் தட்டிப் பார்த்தார். இறங்கி வந்து, ராத்தா கொடுத்த தேத்தண்ணியைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னார்:

"கம்பியெல்லாம் துரு ஏறிட்டு மக. கடக்காத்து. இன்னும் ஒண்டு ரெண்டு மாரி போனா ஒண்டுக்கும் உதவா."

"அது என்ட கம்பி ஹாஜியார். நீங்க நூறாட கம்பியப் பாக்க வந்தீங்க எண்டெல்லா நெனச்சன்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. நல்ல மனதோடு வந்தவரிடம் பகிடி விடுவது கஷ்டம்.

"புத்தகம் அடிக்கிறது என்ட பொறுப்பு. மேல்மாடிய முடிச்சித் தாறதும் என்ட பொறுப்பு. ஒங்கட காக்காட பேருல ஒரு தர்மம் எண்டு வெச்சிக்கங்க. காலம் முழுக்க அவருக்கு நன்ம போய்ட்டிரிக்கும். நீங்க செய்ய வேண்டியது ஒண்டே ஒண்டு. கடசியில அந்தப் புள்ளைக்கி ஊட்டக் குடுத்துருங்க. எனக்கு ராவுல நித்திர வரல்ல."

செயலாளர் இருமினார். "ஒரு அதிகாரம் கூட்டினால் நாவலுக்கும் ஒரு நிறைவு வரும் தங்கச்சி."

"ஒங்களுக்கு ஏன் ஹாஜியார் இந்தப் புள்ளையில இவ்வளவு எரக்கம்?" என்று ராத்தா கேட்டார்.

ஹாஜியார் கோப்பையை வைத்தார். "நாலு பொம்புளப் புள்ள எனக்கு. நாலு ஊடு கட்டின. நான் இப்பவும் பொண்டாட்டிட ஊட்டுலதான் இரிக்கன். சண்ட புடிச்சா போய் இரிக்கிறத்துக்கு எனக்குக் கடையத் தவிர ஒரு இடம் இல்ல. எண் இல்லாம நிக்கிறது என்னெண்டு எனக்குத் தெரியும்."

சபையில் இருந்தவர்களில் நாவலுக்கு மிகக் கிட்டப் போனவர் அவர்தான். கிட்டப் போய், கதவைத் தாண்டி, நேரே சீமெந்துக் கடைக்குப் போய்விட்டார்.

அவர்கள் போன பிறகு ராத்தா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஒரு அதிகாரந்தானே புள்ள."

"காக்கா மாத்த வேணாம் எண்டு சென்ன."

"தம்பி உசிரோட இரிந்தா அவனே மாத்தியிரிப்பான். ஒனக்கு ஊடு கெடைக்கிது எண்டா அவன் புத்தகத்தையே தலகீழா எழுதுவான்."

அது உண்மை என்பதுதான் பிரச்சினை. நீங்கள் எழுதியதை நம்புவதா, நீங்கள் செய்ததை நம்புவதா? வீடு கொடுக்காதே என்று எழுதிய கையால்தான் நீங்கள் எனக்கு வீடு கட்டிக்கொண்டிருந்தீர்கள்.

எனக்கு வீடு வேண்டாம் என்று நான் பொய் சொல்லமாட்டேன். முப்பது தாண்டிவிட்டது. ராத்தாவின் பிள்ளைகளோடு ஒரே அறையில் படுக்கிறேன். புத்தகங்கள் அலுமாரிக்கு மேல் அரிசி மூடைக்குப் பக்கத்தில் இருக்கின்றன. பூட்டக்கூடிய ஒரு கதவு எனக்கும் ஆசைதான். அந்தக் கதவுக்குப் பின்னால் ஒரு மாப்பிள்ளை இருந்தாலும் பெரிய ஆட்சேபனை இல்லை. மறுபக்கத்தில் என்ன இருந்தது? உங்கள் குரல்பதிவு ஒன்று.

அதனால் எழுதத் தொடங்கினேன்.

எழுதும்போது ஒரு தொழில் சிக்கல் வந்தது. ஹாஜியார் ஒருவர் திடீரென்று வந்து வீடு தருகிறார் என்று எழுதினால் வாசகர் நம்பமாட்டார். நிசத்தில் நடந்ததுதான், ஆனால் நாவலுக்குப் பொருந்தாது. நம்பக்கூடிய விதத்தில் நூறாவுக்கு ஒரு வீடு வர வேண்டும். நம்பக்கூடிய வழி எங்கள் ஊரில் ஒன்றுதான் இருக்கிறது. அதிகாரி இரக்கப்பட்டுத் தவணை கொடுக்கிறார். இஹ்ஸான் வெளிநாட்டுக்குப் போகிறான். தவணைக்குள் மேல்மாடி எழும்புகிறது. டைல்ஸ் போட்டு, குளியலறையோடு சேர்ந்த படுக்கையறை வைத்து, நூறாவுக்கு எண் வாங்கி, குடிபுகும் நாளில் மௌலூது ஓதிச் சாப்பாடும் கொடுத்தேன். நல்ல அதிகாரம், காக்கா. நானே வாசித்து நானே அழுதேன்.

ராத்தாவிடம் வாசித்துக் காட்டினேன். முற்பகல் நேரம், கிணற்றடியில் கீரி மீன் கழுவிக்கொண்டிருந்தார். மச்சான் தன் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டு ஒரு காதைக் கொடுத்திருந்தார். டைல்ஸ் வந்த இடத்தில் ராத்தா சிரித்தார். குடிபுகும் இடத்தில் கை நின்றது.

"இஹ்ஸான் எங்க?"

"வெளிநாட்டுல. மேல்மாடிய அவந்தானே முடிக்கணும்."

"அப்ப குடிபுகுற நாள்ல அவன் இல்லயா?"

"போன்ல வருவான். எல்லாரும் அவனோட கதைக்கிற மாதிரி எழுதியிரிக்கன். கேளன், வடிவா வந்திரிக்கி."

ராத்தா கேட்கவில்லை. ஒரு மீனை எடுத்துத் தலையைக் கிள்ளினார். இன்னொன்றை எடுத்தார். பிறகு மீனைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"நான் குடிபுகுற நாளும் அவன் போன்லதான். ஸ்பீக்கர்ல போட்டு எல்லாரும் கத்தின. அவன் என்ன சென்ன எண்டு ஒத்தருக்கும் கேக்கல்ல. மறுகா எடுக்கன் எண்டு வெச்சிட்டான்."

நான் வாசிப்பதை நிறுத்தினேன். ராத்தா அடுத்த மீனை எடுத்தார்.

"தம்பி இஹ்ஸானப் போகவிடல்லயே புள்ள. கடசி வரைக்கும் தங்கச்சிக்குப் பக்கத்துலதானே நிக்க வெச்சிரிக்கான். நீ என்னத்துக்குகா அவன அனுப்புறாய்?"

"நூறாக்கு ஊடு வேணுமே ராத்தா. நீதானே சென்ன."

"சென்னன்தான்." மீன் சட்டியை எடுத்துக்கொண்டு எழும்பினார். "இப்ப சொல்றன். அவன் நிக்கட்டும்."

குசினிக்குள் போனவர் நெடுநேரம் வெளியே வரவில்லை. மச்சான் துடைத்த கண்ணாடியையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே போய் அந்த அதிகாரத்தைக் கணினியிலிருந்து அழித்தேன். பெரிய தியாகம் என்று நினைக்காதீர்கள். அழிக்கும்போது அந்தக் குளியலறையை நினைத்து ஒருமுறை பெருமூச்சு விட்டேன்.

ஹாஜியாரிடம் நேரில் சொல்ல வேண்டும் என்று கடைக்குப் போனேன். மூடைகளுக்கு நடுவில் கதிரை போட்டு உட்கார வைத்தார்.

"வேணாமா மக? ரெண்டும் வேணாமா?"

"காக்கா எழுதின மாதிரியே விடுறன் ஹாஜியார். ஒங்கட நல்ல மனசுக்கு அல்லாஹ் கூலி தருவான்."

"அப்ப அந்தப் புள்ள ரோட்டுலயே நிக்கிது."

"ஓம்."

"பகலா?"

"ஓம். பட்டப்பகல்."

அவர் வீதியைப் பார்த்தார். வெளியில் உச்சி வெயில் தார் ரோட்டை உருக்கிக்கொண்டிருந்தது. "ஒரு கொடையாவது குடுங்களன்" என்றார்.

அவர் கோபத்தில் சொல்லவில்லை, காக்கா. உண்மையாகவே கேட்டார். வீடு தரமாட்டேன் என்று சொல்லும்போது வராத வெட்கம் அப்போது எனக்கு வந்தது. குடையைப் பற்றி வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். கடைசியில் கொடுக்கவில்லை. குடை பிடித்தால் அதிகாரிக்கு அவள் முகம் தெரியாது.

புத்தகம் என் சம்பளக் காசில், அக்கரைப்பற்றில் ஒரு சின்ன அச்சகத்தில் வந்தது. தாள் மெல்லியது, ஒரு பக்கத்தின் எழுத்து மற்றப் பக்கத்தில் தெரிகிறது. அட்டையில் வீடு ஒன்று போட்டிருந்தார்கள். நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் அடித்து முடித்துவிட்டார்கள். இளைஞர் நாவல் என்றால் ஏதாவது ஒரு கட்டடம் இருக்க வேண்டுமாம். ஹாஜியார் ஒரு கட்டுப் புத்தகம் வாங்கிக் கடையில் வைத்திருக்கிறார். வாங்குகிறவர்களுக்கு முடிவை வாயால் திருத்திச் சொல்லி அனுப்புகிறார் என்று கேள்வி. இப்போது நூறாவுக்கு ஊரில் இரண்டு முடிவுகள் இருக்கின்றன. பாடசாலைப் பிள்ளைகள் உங்களுடையதைத்தான் விரும்புகிறார்கள். நூலகத்தில் என்னிடம் வந்து, அதிகாரி என்ன செய்தார் என்று சண்டை பிடிக்கிறார்கள். ஒரு பிள்ளை, "மிஸ், அவருக்கு மகள் இரிந்தாவா?" என்று கேட்டாள். உங்களிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை.

இனிச் சொல்லப்போவதை நீங்கள் எதிர்பார்த்திருக்கமாட்டீர்கள். மச்சான் உங்கள் புத்தகத்தை வாசித்துவிட்டார். பாடசாலையை விட்ட பிறகு அவர் வாசித்த முதல் புத்தகம். சந்தியில் ஆட்களுக்குக் காத்திருக்கும்போது ஆட்டோவுக்குள் இருந்து பக்கம் பக்கமாக வாசித்தாராம். இரண்டு சவாரியைத் தவறவிட்டதாகப் பெருமையாகச் சொன்னார். முடித்த அன்று சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபடி என்னைக் கூப்பிட்டார்.

"புள்ள, முடிச்சிட்டன். நல்ல புத்தகம்."

"வெளங்கிச்சா மச்சான்?"

"நல்லா வெளங்கிச்சி. எனக்குக் கண் தொறந்த மாதிரி." சோற்றைப் பிசைந்தார். "நான் இரிக்கிற ஊடு அவன் கட்டின ஊடு. ஒன்ட மேல்மாடி அப்பிடியே கெடக்கு. மனசு கேக்கல்ல. விசா ஒண்டுக்குச் சொல்லிட்டன். ரெண்டு வருசம். மாடிய முடிச்சிட்டு வந்துருவன்."

பாருங்கள் காக்கா. நீங்கள் எழுதிய புத்தகத்தால் ஊரில் இதுவரைக்கும் மாறிய ஒரே மனம் இதுதான்.

நான் ராத்தாவைப் பார்த்தேன். ராத்தா கறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒன்றும் நடக்காததுபோல, "பாஸ்போட் பழையதாகியிரிக்குமே, எங்க வெச்சிரிக்கீங்க?" என்று கேட்டார். மச்சான் அலுமாரியின் இரண்டாம் தட்டு என்றார்.

அடுத்த நாள் இரண்டாம் தட்டில் பாஸ்போட் இல்லை. மூன்றாம் தட்டிலும் இல்லை. மச்சான் வீட்டைத் தலைகீழாக்கினார். ராத்தாவும் கூடவே தேடினார், மெத்தையைக்கூடத் தூக்கிப் பார்த்தார். தான் ஒளித்ததை ஒருவர் அவ்வளவு ஒழுங்காகத் தேடி நான் கண்டதில்லை. என்னிடம் மட்டும் இடத்தைச் சொன்னார். அதை இங்கே எழுதமாட்டேன். மச்சான் இப்போது பத்திரிகையும் வாசிக்கத் தொடங்கிவிட்டார்.

அன்று மாலை நான் மச்சானின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"போக வேணாம் மச்சான்."

"அப்ப ஒனக்கு ஊடு?"

"இல்ல."

"கலியாணம்?"

"ஊடு இல்லாம வாற ஆள் ஒத்தர் இரிந்தா வரட்டும். இல்லாட்டி ஒங்கட ஆட்டோல என்ன வேலைக்கிக் கொண்டு விடுங்க. இவ்வளவு நாளும் விட்டீங்கதானே."

"ஊர் என்ன சொல்லும்?"

"சொல்லும். நீங்க இஞ்ச இரிந்து என்னோட சேந்து கேளுங்க. தனியக் கேட்டுத்தான் எனக்கு அலுத்துட்டு."

அவர் எழும்பிப் போய் ஆட்டோவைத் துடைத்தார். இன்றைக்கும் இடைக்கிடை அலுமாரியைத் திறந்து பார்க்கிறார். ஆனால் தேடுகிற வேகம் குறைந்துவிட்டது. நேற்று அடி வரைக்கும் தேடாமல் மேலாகப் பார்த்துவிட்டு மூடினார்.

உங்களுக்கு நான் ஒரு வாக்குத் தருகிறேன், ஊரும் கேட்கட்டும். இஹ்ஸானை நான் எங்கும் அனுப்பமாட்டேன், எத்தனை பதிப்பு வந்தாலும். என் பெயரில் ஒரு கூரை வேண்டும் என்பதற்காக இந்த வீட்டிலிருந்து இனி ஒருவரும் விமானம் ஏறமாட்டார்கள். ராத்தாவின் மகளுக்கு வயது வரும்போது இதே கதை மறுபடி தொடங்கும் என்று எனக்குத் தெரியும். அப்போதும் பாஸ்போட்டுகளை ஒளிக்க ராத்தாவுக்கு நான் துணை நிற்பேன்.

ராத்தா ஸலாம் சொல்லச் சொன்னார். மறுகா எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தீர்களாம், இன்னும் எடுக்கவில்லையாம். கோபம் இல்லை என்று சொல்லச் சொன்னார்.

நீங்கள் போனில் அல்லாமல் பக்கத்தில் நின்றிருந்தால் போதும் என்று நினைக்கும்,
உங்கள் ஒரே தங்கச்சி